ஒப்பீட்டுத் தொடர் (தமிழ் இலக்கணம்)

ஒப்பீட்டுத் தொடர் என்பது இரண்டு பொருள்களிடம் உள்ள ஒரே பண்பை அளவு நோக்கி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, அப்பண்பு ஒன்றில் மிகுந்தோ குறைந்தோ இருப்பதாகக் கூறும் தொடர் ஆகும். "தூத்துக்குடியைவிடச் சாயர்புரம் சிறியது" என்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஆங்கிலம், இலத்தீன் முதலிய மொழிகளில் இத்தகைய தொடரில் பண்பைக் குறிக்கும் சொல்லே விகுதி ஏற்று மாறும். தமிழில் அச்சொல் மாறுவதில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயர்ச்சொல்லே உருபு ஏற்கிறது. தமிழ் ஒப்பீட்டின் அடிப்படைப் பண்பு இதுவாகும்.

இவ்வேறுபாடு மொழியியலாளருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஆங்கில வழியாகத் தமிழ் கற்போரும், தமிழ் வழியாக ஆங்கிலம் கற்போரும், மொழிபெயர்ப்பாளரும், மென்பொருள்களைத் தமிழாக்குவோரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று.

ஒப்பீட்டின் உறுப்புகள்

ஓர் ஒப்பீட்டுத் தொடரில் பொதுவாக நான்கு உறுப்புகளைக் காணலாம். "தூத்துக்குடியைவிடச் சாயர்புரம் சிறியது" என்னும் தொடரை இவ்வாறு பகுக்கலாம்.

- ஒப்பிடப்படும் பொருள்: சாயர்புரம்
- அளவைப் பொருள் (எதனோடு ஒப்பிடுகிறோமோ அது): தூத்துக்குடி
- பண்பு: சிறியது
- ஒப்பீட்டு உருபு: ஐ + விட

இவற்றுள் "சிறியது" என்னும் சொல் ஒப்பீடு இல்லாத இடத்திலும் இதே வடிவில்தான் வரும். "சாயர்புரம் சிறியது" என்று கூறினாலும், "தூத்துக்குடியைவிடச் சாயர்புரம் சிறியது" என்று கூறினாலும் அச்சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் பொருள் மாறிவிடுகிறது. முதல் தொடர் சாயர்புரம் சிறிய ஊர் என்கிறது. இரண்டாவது தொடர் அவ்வாறு கூறவில்லை. தூத்துக்குடியின் அளவுக்கு அது எட்டவில்லை என்று மட்டும் கூறுகிறது. "எறும்பைவிட ஈ பெரியது" என்பவர் ஈயைப் பெரிய உயிரினம் என்று சொல்லவில்லை என்பதை எவரும் உணர்வர். பண்புச்சொல்லின் பொருளை இவ்வாறு மாற்றியமைப்பது அதற்கு முன் நிற்கும் "விட" என்னும் உருபே ஆகும்.

பழந்தமிழ் இலக்கணங்களில்

தமிழ் இலக்கண மரபு ஒப்பீட்டைப் பெயரடைக்குரிய செய்தியாகக் கருதவில்லை. வேற்றுமைக்குரிய செய்தியாகக் கருதியது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், ஐந்தாம் வேற்றுமையின் பொருளை விளக்கும் இடத்தில் ஒப்பீடு இடம்பெறுகிறது. ஒரு பொருளினும் மற்றொரு பொருள் இத்தன்மையது என்று கூறுவது ஐந்தாம் வேற்றுமை என்பது அதன் கருத்து. அவ்வாறு ஒப்பிடத்தக்க பண்புகளின் நீண்ட பட்டியலையும் அந்நூல் தருகிறது. நிறம், வடிவம், சுவை ஆகியவற்றோடு வெப்பமும் குளிர்ச்சியும், பெருமையும் சிறுமையும், முதுமையும் இளமையும், பன்மையும் சின்மையும் அதில் அடங்கும். பன்மை என்பது பலவாக இருத்தல். சின்மை என்பது சிலவாக இருத்தல்.

உரையாசிரியர்கள் இப்பொருளைப் பொருவு என்று அழைத்து, அதை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று இரண்டும் ஒத்தவை எனக் கூறும் உவமப் பொருவு. மற்றொன்று ஒன்றைவிட ஒன்று மிகுந்தது எனக் கூறும் உறழ்பொருவு. இக்காலத்தில் ஒப்பீட்டுத் தொடர் எனப்படுவது பெரும்பாலும் உறழ்பொருவே ஆகும்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இல், இன் ஆகியவற்றை ஐந்தாம் வேற்றுமையின் உருபுகளாகக் கூறி, அவற்றுக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களைத் தருகிறது. இதனால் ஒரே உருபு பல பணிகளைச் செய்ய நேர்கிறது. "முத்தின் வெளிது உப்பு" என்று ஒருவர் எழுதினால் அதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். உப்பு முத்தைப் போல வெண்மையானது என்பது ஒன்று. உப்பு முத்தினும் வெண்மையானது என்பது மற்றொன்று. முதலாவது உவமப் பொருவு, இரண்டாவது உறழ்பொருவு. எது கருதப்பட்டது என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். செய்யுளில் இம்மயக்கம் ஓரளவு அழகாகவும் அமையலாம். உரைநடையில் அது இடர்ப்பாடு ஆகும். இக்காலத் தமிழில் வழங்கும் ஒப்பீட்டுச் சொல்லுருபுகளில் இந்த மயக்கம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இக்காலத் தமிழில்

இக்காலத் தமிழில் ஒப்பீட்டைக் குறிக்கப் பல வழிகள் உள்ளன. பள்ளி இலக்கண நூல்கள் இவற்றுள் சிலவற்றை ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபுகள் என்று குறிப்பிடுகின்றன.

1. விட: இதுவே இன்று மிகப் பரவலாக வழங்குவது. அளவைப் பொருள் இரண்டாம் வேற்றுமை உருபாகிய "ஐ" ஏற்று, அதன்பின் "விட" வரும். "விடு" என்னும் வினையிலிருந்து தோன்றிய வினையெச்ச வடிவம் இது. எடுத்துக்காட்டு: "வெல்லத்தைவிடக் கருப்பட்டி கருமையானது."

2. காட்டிலும்: "காட்டு" என்னும் வினையின் நிபந்தனை எச்சத்தோடு "உம்" சேர்ந்து அமைந்தது. ஒன்றை எடுத்துக் காட்டினாலும் மற்றது மேம்பட்டு நிற்கும் என்பது இதன் உட்பொருள். எடுத்துக்காட்டு: "உப்பைக் காட்டிலும் முத்து விலை உயர்ந்தது." பேச்சுவழக்கில் இது "காட்டியும்" என்றும் ஒலிக்கும்.

3. பார்க்கிலும்: இதுவும் அவ்வாறே அமைந்தது. ஒன்றைப் பார்த்தாலும் மற்றது மிகுந்து தோன்றும் என்பது உட்பொருள். எழுத்து வழக்கிலேயே மிகுதியாகக் காணப்படும்.

4. இலும், இனும்: பழைய ஐந்தாம் வேற்றுமை உருபோடு "உம்" சேர்ந்தவை. எடுத்துக்காட்டு: "பொன்னினும் மணி சிறந்தது." "உம்" சேர்வதால் உவமப் பொருவுக்கு இடமில்லாமல் போகிறது. செய்யுளிலும் மேடைப் பேச்சிலும் இவ்வடிவம் இன்றும் வழங்குகிறது.

5. நான்காம் வேற்றுமை: வயது, எண், நலம் ஆகியவற்றைக் கூறும்போது "கு" உருபும் ஒப்பீட்டுப் பொருள் தரும். "அவர் எனக்கு மூத்தவர்", "தங்கை அவனுக்கு இளையவள்", "நூற்றுக்கு மேற்பட்ட படகுகள்" என்பன இவ்வகையின. காய்ச்சலில் கிடப்பவரைப் பற்றி "நேற்றைக்கு இன்று தேவலை" என்று கூறும்போதும் இதே உருபு அமைகிறது. இங்கே "விட" என்னும் சொல் இல்லாமலேயே ஒப்பீடு நிறைவு பெறுகிறது.

இவற்றுள் காட்டிலும், பார்க்கிலும் ஆகிய இரண்டும் காட்சியோடு தொடர்புடைய வினைகளிலிருந்து பிறந்தவை. தெலுங்கில் ஒப்பீட்டுக்கு வழங்கும் "கண்டே" என்னும் சொல்லையும் காணுதல் எனப் பொருள்படும் வினையோடு தொடர்புபடுத்துவர். இரண்டு பொருள்களை அருகருகே வைத்துக் கண்ணால் பார்ப்பதே ஒப்பிடுதலின் தொடக்கம் என்பதை இச்சொற்கள் நினைவூட்டுகின்றன.

எவ்வளவு வேறுபாடு என்பதையும் குறிக்க வேண்டுமாயின் அளவுச்சொல் பண்புச்சொல்லுக்கு முன் வரும். "அக்காள் தம்பியைவிட ஐந்து வயது மூத்தவள்", "இது அதைவிட இரண்டு மடங்கு நீளமானது", "இன்று நேற்றைவிடச் சற்று வெப்பம் கூடுதல்" என்பன எடுத்துக்காட்டுகள்.

மிகு உயர்நிலை

ஆங்கில இலக்கணம் பண்புச்சொல்லுக்கு மூன்று படிகளைக் கூறும். "பிக், பிக்கர், பிக்கெஸ்ட்" என்பது பள்ளி மாணவர் மனப்பாடம் செய்யும் வரிசை. மூன்றாவது படியாகிய மிகு உயர்நிலைக்கும் தமிழில் தனி விகுதி இல்லை. அளவைப் பொருளின் இடத்தில் ஒரு தொகுதி முழுவதையும் வைப்பதன் மூலம் இப்பொருள் பெறப்படுகிறது.

- "எல்லாவற்றையும்விடப் பெரியது" (விட என்னும் உருபோடு)
- "எல்லாரினும் மூத்தவர்" (இனும் என்னும் உருபோடு)
- "மீன்களுள் பெரியது" அல்லது "மீன்களில் மிகப் பெரியது" (தொகுதியைக் குறிக்கும் உள், இல் உருபுகளோடு)

"மிக" என்னும் சொல் மட்டும் தனித்து மிகு உயர்நிலையைத் தராது. "மிகப் பெரிய கப்பல்" என்பது மிகவும் பெரிய ஒரு கப்பல் என்றும் பொருள்படும். கப்பல்களுள் எல்லாம் பெரியது என்றும் பொருள்படும். தொகுதி சொல்லப்பட்டால்தான் இரண்டாவது பொருள் உறுதியாகும். பழைய நூல்களில் "தலை" என்னும் சொல் எல்லாவற்றிலும் சிறந்தது என்னும் பொருளில் வழங்கியது. திருக்குறளில் இதைக் காணலாம். "தலைசிறந்த", "தலையாய" என்னும் இக்காலச் சொற்கள் அதன் தொடர்ச்சியே ஆகும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்னும் சொற்களும் எல்லைப் பொருளில் மிகு உயர்நிலைப் பணியைச் செய்கின்றன.

வடமொழிச் சொற்களும் விகுதிகளும்

வடமொழியில் "தர", "தம" என்னும் விகுதிகள் முறையே ஒப்பீட்டு நிலையையும் மிகு உயர்நிலையையும் குறிக்கும். இவ்விகுதிகள் பெற்ற சொற்கள் தமிழிலும் வந்து கலந்துள்ளன. "உத்தமம்" என்னும் சொல் மேல் எனப் பொருள்படும் "உத்" என்பதோடு "தம" சேர்ந்து ஆனது. அதன்படி "எல்லாவற்றிலும் மேலானது" என்பதே அதன் முதற்பொருள். இலங்கைத் தமிழில் பதவிப் பெயர்களில் வழங்கும் சிரேஷ்ட, கனிஷ்ட என்னும் சொற்களும் வடமொழி மிகு உயர்நிலை வடிவங்களே.

ஆனால் தமிழ் இச்சொற்களை ஏற்றுக்கொண்டதே தவிர, இவ்விகுதிகளைத் தன் சொற்களோடு சேர்க்கத் தொடங்கவில்லை. "பெரியதரம்" என்றோ "சிறியதமம்" என்றோ எவரும் கூறுவதில்லை. தமிழில் உத்தமம் என்பது "நல்லது" என்பது போன்ற ஒரு சாதாரணச் சொல்லாகவே நிற்கிறது. அதனால்தான் "அதைவிட இது உத்தமம்" என்று கூற முடிகிறது. பல நூற்றாண்டுத் தொடர்புக்குப் பின்னும் ஒப்பீட்டின் அமைப்பு மாறாமல் இருப்பது, அது மொழியின் ஆழத்தில் வேரூன்றியது என்பதைக் காட்டுகிறது.

சமநிலையும் குறைநிலையும்

இரண்டும் சமம் என்று கூற "போல", "அளவு", "அளவுக்கு", "ஒத்த" முதலிய சொற்கள் பயன்படுகின்றன. "மகன் தந்தையளவு உயரம்" என்பது எடுத்துக்காட்டு. குறைவைக் கூறத் தமிழில் இரண்டு வழிகள் உள்ளன. எதிர்ப்பண்பைக் கூறுவது ஒன்று: "சாயர்புரம் தூத்துக்குடியைவிடச் சிறியது." சமநிலையை மறுப்பது மற்றொன்று: "சாயர்புரம் தூத்துக்குடி அளவுக்குப் பெரியது அன்று." ஆங்கிலத்தில் உள்ளது போலக் "குறைவாகப் பெரியது" என்று கூறுவது தமிழ் வழக்கு ஆகாது.

முத்துக்குளித்துறையில் எழுந்த இலக்கணங்கள்

ஐரோப்பியர் தமிழை இலக்கணப்படுத்த முயன்ற வரலாற்றில் தூத்துக்குடியைச் சூழ்ந்த கடற்கரைப் பகுதிக்குத் தனி இடம் உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்த போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களுள் இன்று கிடைப்பவற்றில் இதுவே பழமையானது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் நூலும் இவருடையதே.

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாயர்புரம், சாமுவேல் சாயர் என்பவரின் பெயரால் அமைந்த ஊர். 1839இல் தமிழகம் வந்த ஜி. யூ. போப் 1842 முதல் 1849 வரை இவ்வூரில் பணியாற்றி, இங்கு ஒரு கல்விக்கூடத்தை வளர்த்தார். தமிழை முறையாகக் கற்ற அவர் பின்னர் ஐரோப்பியருக்காகத் தமிழ்க் கையேட்டையும், மாணவருக்கான இலக்கண நூல்களையும் எழுதினார். 1884 முதல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 1886இல் அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பும், 1900இல் திருவாசக மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. சாயர்புரத்தில் உள்ள போப் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வறிஞர்கள் கற்றிருந்த இலத்தீன் மொழியில் உயரமான, மேலும் உயரமான, மிக உயரமான என்னும் மூன்று படிகளும் "அல்த்துஸ், அல்த்தியோர், அல்த்திஸ்ஸிமுஸ்" என்று ஒரே சொல்லின் மூன்று வடிவங்களாக அமையும். ஆகவே இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தோடு தமிழை அணுகும் ஒருவர் பெயரடை என்னும் இயலில் ஒப்பீட்டைத் தேடுவார். அங்கே எதுவும் கிடைக்காது. எனினும் இலத்தீனுக்குள்ளேயே இதற்கான திறவுகோலும் இருந்தது. அம்மொழியில் அளவைப் பொருளை நீங்கல் வேற்றுமையில் நிறுத்தியும் ஒப்பிடலாம். அது தமிழின் ஐந்தாம் வேற்றுமைக்கு நிகரானது. வடமொழியிலும் அளவைப் பொருள் ஐந்தாம் வேற்றுமையே ஏற்கும். அவ்விரு மொழிகளிலும் விகுதியும் வேற்றுமையும் சேர்ந்து வருகின்றன. தமிழில் வேற்றுமை மட்டுமே போதுமானதாக உள்ளது.

இதே வட்டாரத்தில் இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இச்செய்தியைத் தெளிவாக எடுத்துரைத்தார். திராவிட மொழிகள் இந்திய-ஐரோப்பிய மொழிகளைப் போல விகுதி சேர்த்து ஒப்பிடுவதில்லை என்றும், அவற்றின் முறை செமித்திய மொழிகளின் முறையை நெருங்கியுள்ளது என்றும் அவர் குறிப்பிட்டார். எபிரேய மொழியில் அளவைப் பொருளுக்கு முன் "இருந்து" எனப் பொருள்படும் இடைச்சொல் வரும், பண்புச்சொல் மாறாது. தமிழை மற்றொரு மொழியின் அச்சில் வார்க்காமல் அதன் போக்கிலேயே விளக்க முயன்றதற்கு இது ஒரு சான்றாகும்.

உலக மொழிகளில் ஒப்பீடு

விகுதி இல்லாமை ஒரு குறைபாடு என்னும் எண்ணம் உலக மொழிகளை நோக்கும்போது நிலைப்பதில்லை. டச்சு மொழியியலாளர் லியோன் ஸ்டாசன் 1985இல் ஒப்பீட்டைப் பற்றிய விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் உலக மொழி அமைப்புகளின் வரைபடத் தொகுப்புக்காக அவர் 167 மொழிகளை வகைப்படுத்தினார். அவ்வகைப்பாடு பின்வருமாறு.

- இட ஒப்பீடு (78 மொழிகள்): அளவைப் பொருள் இடம், நீங்கல் முதலிய பொருள் தரும் உருபை ஏற்கும். இந்தி, துருக்கியம், சப்பானியம் ஆகியன இவ்வகையின.
- இணைப்பு ஒப்பீடு (34 மொழிகள்): "இது பெரிது, அது சிறிது" என்று இரண்டு தொடர்களை அடுத்தடுத்து வைப்பது. அமேசான் பகுதியிலும் பப்புவா நியூ கினியிலும் உள்ள பல மொழிகளில் இம்முறை உண்டு.
- விஞ்சல் ஒப்பீடு (33 மொழிகள்): விஞ்சு, கட எனப் பொருள்படும் வினையைக் கொண்டு ஒப்பிடுவது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இது மிகுதி.
- இடைச்சொல் ஒப்பீடு (22 மொழிகள்): ஒப்பீட்டுக்கென்றே உள்ள தனி இடைச்சொல்லைக் கொண்டு ஒப்பிடுவது. ஆங்கிலம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் காணப்படுவது.

இப்பட்டியலின்படி ஐரோப்பிய முறையே எண்ணிக்கையில் மிகச் சிறியது. பழந்தமிழின் இல், இன் உருபுகள் மிகப் பெரிய தொகுதியாகிய இட ஒப்பீட்டுக்கு நேரானவை.

ஒரு மொழியின் முதன்மையான முறை ஒன்றாக இருந்தாலும், பேசுவோர் பிற முறைகளையும் கையாளலாம். தமிழில் "உயரத்தில் தம்பி அண்ணனை மிஞ்சிவிட்டான்" என்பது விஞ்சல் ஒப்பீடு. "மூத்தவன் சுறுசுறுப்பு, இளையவன் மந்தம்" என்பது இணைப்பு ஒப்பீடு. இடைச்சொல் ஒப்பீட்டுக்கு மட்டும் தமிழில் நேரான அமைப்பு இல்லை.

கிளிங்கன் மொழியில் ஒப்பீடு

மேற்கண்ட வகைகளை நன்கு விளங்கிக்கொள்ள ஒரு செயற்கை மொழியும் உதவுகிறது. ஸ்டார் ட்ரெக் திரைப்படங்களில் வரும் கிளிங்கன் என்னும் கற்பனை இனத்தாருக்காக அமெரிக்க மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய மொழி கிளிங்கன் ஆகும். இம்மொழி 1984இல் வெளிவந்த திரைப்படத்தில் இடம்பெற்றது. அதன் அகராதியும் இலக்கணமும் 1985இல் வெளிவந்தன. ஸ்டாசனின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

கிளிங்கனில் பெயரடை என்னும் தனிச் சொல்வகை இல்லை. பெரிதாக இருத்தல், சிறிதாக இருத்தல் முதலியன வினைச்சொற்களே. தமிழிலும் "பெரிது", "சிறிது" ஆகியவற்றை மரபிலக்கணம் குறிப்பு வினைமுற்று என்றே கூறும். இவ்வகையில் கிளிங்கன் முறை தமிழ் மாணவருக்குப் புதியது அன்று.

"சிற்றூரைவிட நகரம் பெரியது" என்னும் கருத்தைக் கிளிங்கனில் "வெங் டின் லாவ் வெங்ஹோம் டின் புஷ்" என்று அமைக்கலாம். (கிளிங்கன் ஒலிகள் சிலவற்றைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழவே காட்ட முடியும்.) இதன் சொற்பொருள் வருமாறு.

- வெங்: நகரம்
- டின்: பெரிதாயிரு
- லாவ்: பலவாயிரு
- வெங்ஹோம்: சிற்றூர்
- டின்: பெரிதாயிரு
- புஷ்: சிலவாயிரு

அதாவது, "நகரத்தின் பெருமை பல, சிற்றூரின் பெருமை சில" என்பது போன்ற அமைப்பு. இதில் வேற்றுமை உருபு இல்லை, விகுதி இல்லை, ஒப்பீட்டுக்கென இடைச்சொல்லும் இல்லை. ஒரே பண்புச்சொல் இருமுறை வருகிறது. அளவை வேறுபடுத்துவன பல, சில என்னும் எதிர்ச்சொற்களே. இது இணைப்பு ஒப்பீட்டை நெருங்கியது. எனினும் பண்பையே எதிர்ப்பண்பாக மாற்றாமல், அதன் அளவை மட்டும் எதிரெதிராகக் கூறுவதால் அதிலிருந்து சற்று வேறுபடுகிறது. கிளிங்கனின் வழக்கமான சொல்வரிசை செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதாகும். ஒப்பீட்டுத் தொடர் இவ்வரிசைக்கு உட்படாத தனி வாய்பாடாக நிற்கிறது.

மிகு உயர்நிலைக்கு அளவைப் பொருளின் இடத்தில் அனைத்தும் எனப் பொருள்படும் "ஹோச்" என்னும் சொல்லை இட வேண்டும். "வெங் டின் லாவ் ஹோச் டின் புஷ்" என்றால் நகரமே அனைத்திலும் பெரியது என்பது பொருள். தமிழில் "எல்லாவற்றையும்விட" என்று கூறுவதும் இதே உத்திதான்.

ஐந்தாம் வேற்றுமையால் ஒப்பிடத்தக்கவற்றுள் பன்மையையும் சின்மையையும் தொல்காப்பியம் சேர்த்திருப்பது இங்கே நினைவுகூரத்தக்கது. தமிழில் அவை ஒப்பிடப்படும் பண்புகளாக மட்டும் நின்றன. கிளிங்கனில் அதே எதிர்ச்சொல் இணை ஒப்பீட்டுக் கருவியாகவே ஆக்கப்பட்டது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. பலவும் சிலவும் எந்த மொழியிலும் அளவையை உணர்த்தும் அடிப்படைக் கருத்துகள் என்பதையே இது காட்டுகிறது.

பொருள் மயக்கம்

"விட" உருபு எப்போதும் "ஐ" ஏற்ற சொல்லையே தொடரும். இதனால் அளவைப் பொருள் தொடரில் எழுவாயாகக் கருதப்பட்டதா, செயப்படுபொருளாகக் கருதப்பட்டதா என்பது மறைந்துவிடும். "மாணவர் ஆசிரியரைவிடப் பெற்றோரை நம்புகின்றனர்" என்னும் தொடருக்கு இரண்டு பொருள்கள் உண்டு.

- மாணவர் ஆசிரியரை நம்புவதைவிடப் பெற்றோரை மிகுதியாக நம்புகின்றனர்.
- ஆசிரியர் பெற்றோரை நம்புவதைவிட மாணவர் பெற்றோரை மிகுதியாக நம்புகின்றனர்.

மேலே காட்டியவாறு "நம்புவதைவிட" என்று தொழிற்பெயரை அளவைப் பொருளாக்கினால் மயக்கம் நீங்கும். சட்ட ஆவணம், தேர்வு வினா, அறிவிப்பு முதலியவற்றை எழுதுவோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. "சென்னைக்கு" போன்ற பிற வேற்றுமைச் சொற்களை ஒப்பிடவும் இதே வழி உதவும்: "சென்னைக்குச் செல்வதைவிட மதுரைக்குச் செல்வது எளிது."

மொழிபெயர்ப்பிலும் கணினியிலும்

ஆங்கிலத்தில் அளவைப் பொருளைக் கூறாமலே ஒப்பீட்டு வடிவத்தைத் தனித்துப் பயன்படுத்தலாம். தமிழில் அளவைப் பொருள் இல்லையேல் உருபு நிற்க இடமில்லை, ஒப்பீடும் மறைந்துவிடும். வலைத்தளங்களில் "பழைய இடுகைகள்" என்னும் இணைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கில மூலத்தில் அது "இவற்றைவிடப் பழையவை" என்னும் பொருளுடையது. தமிழில் அவ்வேறுபாடு தெரிவதில்லை. "முந்தைய", "பிந்தைய" என்னும் சொற்கள் இவ்விடத்தில் ஒப்பீட்டுப் பொருளை ஓரளவு காக்கின்றன. எழுத்தின் அளவை மாற்றும் பொத்தான்களில் "பெரிதாக்கு", "சிறிதாக்கு" என்று வினையாக்குவதும், பட்டியல்களை "ஏறுவரிசை", "இறங்குவரிசை" என்று குறிப்பதும் தமிழ் இயல்புக்கு ஏற்ற தீர்வுகளாகும். மாறாக, ஆங்கில வடிவத்தை அடியொற்றி "அதிக அழகான", "மேலும் சிறந்த" என்று ஒவ்வோரிடத்திலும் எழுதுவது செயற்கையாகத் தோன்றும்.

கணிதக் குறியீடுகளைப் படிக்கும்போதும் இவ்வேறுபாடு வெளிப்படும். "அ > ஆ" என்பதைக் குறியீட்டின் வரிசையிலேயே படித்தால் "அ என்பது ஆ-வைவிடப் பெரியது" என்றாகும். இங்கே குறியீடு நடுவில் நின்றாலும் தமிழில் "பெரியது" என்னும் சொல் இறுதியிலேயே வருகிறது. "அ என்பது ஆ-வைவிடப் பெரியது அன்று" என்பதற்குக் கணிதத்தில் சிறியது அல்லது சமம் என்பது பொருள். அன்றாடப் பேச்சில் பலர் இதைச் "சிறியது" என்று மட்டும் புரிந்துகொள்வர். மாணவர்கள் சமநிலையை மறந்துவிடுவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாகலாம்.

ஒப்பீட்டைப் பண்புச்சொல்லில் தேடாமல் அளவைப் பொருளில் தேட வேண்டும் என்பதை மனத்திற் கொண்டால், தமிழ்த் தொடரை ஆங்கிலத்திற்கோ ஆங்கிலத் தொடரைத் தமிழுக்கோ மாற்றும்போது நேரும் பிழைகள் பெரிதும் குறையும். மொழிபெயர்ப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா "எதைவிட?" என்பதாகும். அதற்கு மூலத்தில் விடை இருப்பின் தமிழ்த் தொடர் தானே அமைந்துவிடும். விடை இல்லையேல், அதைக் கண்டறிந்து தொடரில் சேர்ப்பதோ, வேறு சொல்லால் உணர்த்துவதோ மொழிபெயர்ப்பவரின் கடமையாகிறது.